சீனத்துச் செந்தமிழ்

கேள்வி: சிற்றலையில் வந்த சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பை நம்மவர்கள் அத்தனை ஆசையாகக் கேட்டது எதற்காக?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எல்லையில் சண்டை 1962-ல். அடுத்த ஆகஸ்டிலேயே பெய்ஜிங்கிலிருந்து தமிழில் வணக்கம் வந்துவிட்டது! 1976 வரை இரு நாட்டுத் தூதர் நாற்காலிகளும் காலி. அறிவிப்பாளர்கள் மட்டும் விடாமல் நலம் விசாரித்தார்கள். நாம் பிள்ளைகளுக்கு 'ஷ்' என்று முடியும் பெயராகத் தேடிக்கொண்டிருக்க, சீனத்துப் பெண் ஒருவர் 'கலையரசி' என்று பெயர் வைத்துக்கொண்டு மைக் முன் உட்கார்ந்தார். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையில் பாதிச் செய்தி இரைச்சலோடு போய்விடும். நேயர் கவலைப்பட்டாரா? கேட்ட நேரம், அலைவரிசை, ஒலித்தரம் எல்லாம் எழுதிப் போட்டு, பதிலுக்கு வண்ண அட்டை வாங்கிவிடுவார். பிரசாரம் மண்டையில் ஏறியதோ இல்லையோ, அட்டை ஷோகேஸில் ஏறியது.