ஊவாவை பஸ்ஸில் சுற்றிப் பார்க்கச் சொன்ன ஐயாவுக்கு

பெருமதிப்புக்குரிய ஐயா,

நீங்கள் எந்தக் கந்தோரில் எந்தக் கதிரையில் இருக்கிறீர்கள் என்று தெரியாததால் பொதுவாகவே எழுதுகிறேன். ஊவாவின் அழகை பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பார்க்கலாம் என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். வெளிநாட்டார் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கொஸ்லந்தக்காரனான எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசை வந்துவிட்டது. சொந்த மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க விசா வேண்டாமே!

தியலும நீர்வீழ்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 220 மீற்றர் உயரம், நாட்டிலேயே இரண்டாவது. வெல்லவாய பஸ் அதன் காலடியால்தான் போகிறது. எனக்குக் கிடைத்தது மிதிபலகை. அங்கிருந்து அருவி முழுசாகத் தெரிந்தது. உள்ளே நின்றவர்களுக்கு முன்னால் நின்றவரின் கக்கம்தான் தெரிந்தது. டிக்கெட் இரண்டு காட்சிக்கும் ஒரே காசு.

அருவியின் உச்சியில் குளிக்கிற தடாகங்களைப் பார்க்க பூனாகலை ரோட்டில் ஏற வேண்டும். ஆட்டோவை மறித்தேன். ட்ரைவர் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டில யாருக்கண்ணே மேலுக்குச் சரியில்ல?" என்று கேட்டார். அவர்மேல் பிழையில்லை. நம்மாட்கள் ஆட்டோ பிடிப்பது பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும்தான். குளிக்கப் போகிறேன் என்றதும் அவருக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

நாட்டின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சியான பம்பரகந்தவும், 263 மீற்றர், நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பஸ் களுபஹனச் சந்தியில் இறக்கிவிடும். மிச்சம் உங்கள் கால்களின் பொறுப்பு.

ஹப்புத்தளைக்குப் போக பெரகலையில் பஸ் மாற வேண்டும். ஹப்புத்தளையில் தாமஸ் வில்லியர்ஸ் துரை 1931இல் கட்டிய ஆடிஷம் பங்களா இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்தது தம்பேத்தன்ன பஸ். ஐயா, அந்த பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். முன் ஆசனங்களில் முதுகுப் பைகளோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்தில், டவுனில் அரிசியும் மாவும் கருவாடும் வாங்கிய பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி நிற்கிறார். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்தக் கத்த, பாட்டி அந்தப் பையைக் காலாலேயே தள்ளித் தள்ளி முன்னேறுகிறார். ஒரு பிள்ளை எழும்பி இடம் கொடுத்தது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த பாட்டிக்கு உட்காரக் கூச்சம், நின்றுகொண்டே வந்தார்.

தேயிலை முதலாளி லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலையோடு பஸ் நின்றுவிடும். அதற்கு மேலே பல கிலோமீற்றர் ஏறினால் லிப்டன் ஆசனம். தன் தோட்டங்களை எல்லாம் அவர் அங்கிருந்துதான் பார்ப்பாராம். துரை பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறியதாக எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1924இல் பதுளைக்கு வந்த அந்தப் பாதை தேயிலைப் பெட்டிகளை ஏற்றப் போட்டது. இப்போது முன்பதிவு ஆசனங்கள் எல்லாம் எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிப்பவர்களுக்குப் போய்விடுகின்றன. எனக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பில் நிற்க ஓர் இடம். பாட்டியைப் போல நானும் முன்னேறினேன்.

திரும்பி வரும்போது பெரகலைச் சந்தியில் பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த பஸ் எப்போது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "வந்தா வரும்" என்றார். உங்கள் துறை வெளியிட்டதிலேயே பிழையில்லாத நேர அட்டவணை அதுதான், ஐயா.

உல்லாசம் பிந்தினால் குடி முழுகாது. ஆனால் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கும் இதே பஸ்தான். கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. பஸ் பிந்தி நம்பர் முடிந்து, இன்னொரு நாள் வரச் சொன்னால் இரண்டு பேர் போச்சு.

எங்கள் ரோட்டில் வாகனம் ஓடாது என்று சொல்ல மாட்டேன். 2014 அக்டோபர் 29 காலையில் பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண் மூடியதே, அந்த வாரம் வராத வாகனம் இல்லை. பெக்கோ, படை லொறி, தொலைக்காட்சி வேன், பெரியவர்களின் நீண்ட வாகன வரிசை எல்லாம் வந்தன. மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே வந்திருந்தது. மாற்று வீடுகள் எந்த பஸ்ஸில் ஏறினவோ, மலை சரிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தன.

ஆகவே தாழ்மையான ஒரு யோசனை. எங்கள் லயங்களையும் சுற்றுலாத் தலங்களாக அறிவித்துவிடுங்கள். ஒழுகும் தகரத்துக்குக் கட்டணம் அறவிட்டாலும் பரவாயில்லை, அப்படியாவது வாசலுக்கு பஸ் வரும். சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களுக்கு மஞ்சள் அஞ்சல் பஸ் ரயில் நேரத்தோடு பொருந்தி ஓடுகிறது. அதைப் பார்த்துவர நீங்கள் ஒரு குழுவை அனுப்பினாலும் ஆட்சேபணை இல்லை, திரும்பி வரும்போது கொழும்பிலிருந்து கொஸ்லந்தைக்கு அவர்கள் பஸ்ஸில் வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அதுவரைக்கும் இதையாவது செய்யுங்கள். பெரகலையிலும் கொஸ்லந்தையிலும் பஸ் வரும் நேரத்தை மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். எழுதிய நேரத்துக்கு பஸ்ஸை விடுங்கள். கிளினிக்குக்குப் போகிறவர்களை விடியக் காலையில் முதலில் ஏற்றுங்கள். மிச்ச ஆசனங்களில் உல்லாசப் பயணிகள் தாராளமாக உட்காரட்டும்.

இப்படிக்கு,
கொஸ்லந்தக்காரன்