முல்லைத்திணையும் முன்னால் ஆடுவோரும்: கோல்ஃப் மைதானத்து மந்தம் குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

கோல்ஃப் பற்றி இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் பந்தை அடிப்பதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். இது அடிப்படையிலேயே பிழை. ஒரு கிளப் ஆட்டக்காரர் 18 குழிகளை முடிக்க 90 அடி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மட்டையைப் பின்னுக்கு இழுத்து, இறக்கி, பந்தைத் தொட்டு, தோளுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்த 2 விநாடி போதும். 90 அடிக்கும் சேர்த்து 3 நிமிடம். ஆனால் காலை ஆறு மணிக்கு முதல் குழியில் நின்றவர் பதினொன்றுக்குத்தான் பையை இறக்கி வைக்கிறார். நடைக்கென்று தாராளமாக 2 மணி நேரம் கழித்தாலும் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு பெரும் பொழுது மிச்சம் நிற்கிறது. அந்தப் பொழுதில் அவர் என்ன செய்கிறார்? நிற்கிறார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முன்னால் போகும் நால்வரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நிற்றலே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இதனாற் பயன் யாதோ எனின், ஒன்றும் இல்லை. பயனில்லா ஆய்வுக்கும் பட்டம் கிடைக்கும் காலத்தில் அதை ஒரு குறையாகச் சொல்ல முடியாது.

திணை இயல்

கோல்ஃப் மைதானம் எந்தத் திணை? இது தீர்ந்தால் மற்றவை தாமே தீரும்.

நெய்தல் என்பர் ஒரு சாரார். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் கடலோரத்தில் இருக்கிறது. மைதானத்துக்கு மைதானம் மணல் பள்ளங்கள் உண்டு. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலும் அங்கே தாராளமாகக் கேட்கிறது என்பது அவர்கள் வாதம். அது பொருந்தாது என்க. என்னை? மணல் பள்ளத்தில் இறங்கியவர் இரங்குவது உண்மையே. ஆனால் இரங்குபவர் ஒருவர். வெளியே மூவர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நால்வர் இருக்கிறார்கள். இரங்கலைவிட இருத்தலே மிகுதி. இருத்தலை உரிப்பொருளாகக் கொண்டது முல்லை.

கருப்பொருளும் ஒத்துவருகிறது. முல்லையின் மக்கள் ஆயர். ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்தவர்கள் கையிலிருந்த கோலால் கூழாங்கல்லைத் தட்டி விளையாடியதில்தான் கோல்ஃப் பிறந்தது என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நமக்கு வசதியான கதை. விலங்குக்கும் குறைவில்லை. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் புல்வெளிக்குக் காட்டுமாடுகள் மேய வருவது வழக்கம். ஏறுதழுவல் முல்லைக்கு உரியதே என்றாலும் அங்கே யாரும் தழுவ முன்வருவதில்லை. மட்டையைக் கீழே ஊன்றிக்கொண்டு, அது மேய்ந்து முடிக்கட்டும் என்று நிற்கிறார்கள்.

கொழும்பு இன்னொரு சான்று. ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்தின் ஊடே களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். அந்த ரயிலை யாரும் மரியாதை தெரியாதது என்று ஏசுவதில்லை. காட்டுமாட்டையும் ஏசுவதில்லை. ஆகவே இருத்தல் வேறு, இருக்க வைக்கப்படுதல் வேறு. கோபம் பின்னதிலிருந்துதான் பிறக்கிறது.

முல்லைத் தலைவி கார்காலத்துக்குள் வருவேன் என்று சொல்லிப்போனவனுக்காகக் காத்திருப்பாள். அவள் துயரம் காத்திருப்பதில் இல்லை. சொன்ன பருவம் வந்தும் அவன் வராததில் இருக்கிறது. கோல்ஃபிலும் அப்படியே. 4 மணி 15 நிமிடத்தில் ஆட்டம் முடிய வேண்டும் என்று கிளப்பில் பலகை தொங்கும். ஒன்பதாவது குழியிலேயே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டிருக்கும். அப்போது தலைவிக்குத் தோழி என்ன செய்வாள்? பருவம் வந்துவிட்டது என்று தெரிந்தும், இது பருவம் அன்று என்று வற்புறுத்துவாள். மைதானத்தில் இந்தத் துறையைச் சற்றும் பிசகாமல் நடத்துபவர், ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வரும் கேடி.

“டைம் இருக்கு சார். முன்னாடி நாலு பேரும் புதுசு. அடுத்த ஹோல் நீளம், அங்க ஃப்ரீ ஆயிடுவாங்க.”

ஆக மாட்டார்கள் என்பது தோழிக்கும் தெரியும், தலைவிக்கும் தெரியும்.

கால இயல்

மந்தத்தின் தோற்றுவாய் எது? கிடைத்துள்ள மிகப் பழைய விதிகள் 1744இல் எடின்பரோ ஆட்டக்காரர்கள் எழுதிய 13 விதிகள். தண்ணீரில் விழுந்த பந்துக்கு அதில் இடம் உண்டு, ஆட்டத்தின் நடுவே முறியும் மட்டைக்கும் உண்டு. எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று மட்டும் ஒரு சொல் இல்லை. பன்னிரண்டாம் விதியோ, யாருடைய பந்து குழியிலிருந்து அதிகத் தொலைவில் கிடக்கிறதோ அவரே முதலில் ஆட வேண்டும் என்கிறது. பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நடைமுறையில் இதற்குப் பொருள், நால்வரில் மிக மோசமாக அடித்தவருக்காக மற்ற மூவரும் ஒவ்வொரு முறையும் நிற்க வேண்டும் என்பதே. தயாராக இருப்பவர் முந்தி அடிக்கலாம், ஆபத்தில்லை என்றால் அடிக்கவும் வேண்டும் என்று விதிநூலே ஊக்கம் கொடுத்தது 2019இல். இடையில் ஓடியவை 275 ஆண்டுகள். மந்தம் பற்றிய சட்டமும் மந்தமாகத்தான் வந்திருக்கிறது.

அதே 2019இல், தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் என்றிருந்ததை 3 நிமிடமாக்கினார்கள். தன் முறை வந்து, தடை ஒன்றும் இல்லையென்றால் 40 விநாடிக்குள் அடிப்பது நல்லது என்றும் பரிந்துரைத்தார்கள். இந்த நாற்பதைக் கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டும். நால்வர், ஆளுக்கு 90 அடி, மொத்தம் 360. ஒவ்வொன்றுக்கும் 40 விநாடி என்றால் 14,400 விநாடி. பிசகாமல் 4 மணி நேரம். நடையை இன்னும் சேர்க்கவே இல்லை. விதியை எழுத்துக்கு எழுத்து மதிக்கிற நால்வர், ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் யோசிக்கத் தொடங்கினால், ஒருவர்கூடக் குற்றவாளி ஆகாமலேயே ஒரு காலைப்பொழுதைக் கொன்றுவிடலாம். நாற்பது விநாடியில் கிடைக்காத நேரம், மற்றவர் அடிக்கும்போதே தன் தூரத்தைக் கணித்து, மட்டையை உருவி, கையுறையை மாட்டிக்கொள்வதில் கிடைக்கிறது. இந்த ஆட்டத்தின் மரியாதை என்பது முக்கால் பங்கு இவ்வளவுதான்.

கிளப் நிர்வாகங்களும் தப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லா உறுப்பினரையும் திருப்திப்படுத்த 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்புகிறார்கள். மூன்றாவது குழி குட்டையான பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. முன்குழு க்ரீனை, அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையை, விட்டு இறங்கினால்தான் பின்குழு அடிக்கலாம். அதற்கு 10 நிமிடம் பிடிக்கிறது என்று கொண்டால் ஒவ்வொரு குழுவும் 2 நிமிடப் பாக்கியை அடுத்த குழுவின் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறது. பதினாறாவது குழுவுக்கு அது அரை மணி நேரம். அந்தப் பதினாறு குழுவிலும் சோம்பேறி ஒருவர்கூட இருக்கத் தேவையில்லை. இருந்தும் அறிவிப்புப் பலகையில் எல்லா ஊரிலும் ஆட்டக்காரர்களைத்தான் அதட்டுகிறார்கள்.

மாந்தர் இயல்

இலக்கணப்படி பார்த்தால் மந்தம் ஒரு விசித்திரமான குற்றம். படர்க்கையில் வரும்: அவர்கள் மந்தம். துணிவிருந்தால் முன்னிலையிலும் வரும்: நீங்கள் மந்தம். தன்மையில் வரவே வராது. நான் மந்தம் என்று சொன்ன கோல்ஃப் ஆட்டக்காரரை எவரும் கண்டதில்லை. பின்னால் வருபவர்களை முந்தவிடாமல் போனால் போதும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். முன்னால் போகிற குழுவை ஒட்டிப் போக வேண்டும் என்பதே சரியான அளவுகோல். அதற்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

மந்தரில் உள்வகைகள் பல. அடித்து முடித்த க்ரீனின் மேலேயே நின்று ஆறா ஏழா என்று விரல்விட்டு எண்ணுபவர், கூட வந்தவருக்கு முழங்கை மடிக்கும் வித்தையைச் சொல்லித்தரும் ஆசான், முதல் அடி அடிக்கும் டீயில் மட்டையை ஓங்கிய நிலையில் போன் அடித்தால் எடுப்பவர் என்று விரிக்கின் பெருகும். இவர்களுள் தலையாயவர் க்ரீன் வாசிப்பவர். அவரை மட்டும் அருகில் சென்று காண்போம்.

பந்து குழிக்கு ஐந்தடியில் கிடக்கிறது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1891 முதல் விதிநூலில் அதே அளவுதான். ஆனாலும் அவருக்குச் சந்தேகம். முதலில் பந்துக்குப் பின்னால் குந்துகிறார். இரு கையாலும் தொப்பியை வளைத்துப் பக்கவாட்டு உலகத்தை மறைத்துக்கொள்கிறார். எழும்போது முழங்கால் சொடக்கிடுகிறது. சுற்றிக்கொண்டு குழிக்கு மறுபுறம் போய், வழியில் கூட ஆடுபவரின் பந்துப் பாதையை மிதித்து, அங்கிருந்தும் குந்துகிறார். பிறகு மட்டையை இரண்டு விரலால் தொங்கவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். பந்தை எடுத்துத் துடைத்து, அதில் பேனாவால் போட்ட கோடு குழியை நோக்கும்படி வைக்கிறார். எழுந்து பார்த்தால் கோடு அரை நூல் விலகியிருக்கிறது. மறுபடி குந்தல். மூன்று ஒத்திகை. கேடியிடம், “லெஃப்டா ரைட்டா?” கேடி “நேரா சார்” என்கிறார். அவர் தலையசைத்துவிட்டு வலப்பக்கமாக உருட்டுகிறார். பந்து குழியைத் தாண்டி இரண்டடி போய் நிற்கிறது. “நெனச்சேன்” என்கிறார். அந்த இரண்டடிக்கு எல்லாம் முதலிலிருந்து.

இத்தனை நுணுக்கமாக நிலத்தை ஆராய்ந்தவர் கண்ணுக்கு, சற்று முன் தன் பந்து வானிலிருந்து விழுந்து ஏற்படுத்திய பள்ளம் மட்டும் தெரிவதில்லை. அதை நிமிண்டிச் சமன் செய்ய ஐந்தாறு விநாடிதான் ஆகும். அவரிடம் நேரமில்லை.

இவருக்கு மேல்நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 2018இல் கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் நடந்த தொழில்முறைப் போட்டியின் கடைசி நாள் கடைசிக் குழியில், ஆட்டக்காரர் ஜே.பி. ஹோம்ஸ் தன் இரண்டாவது அடிக்கு நான்கு நிமிடத்துக்கும் மேல் காற்றை ஆராய்ந்தார். குளத்தைத் தாண்டி க்ரீனை எட்டலாமா என்பது கேள்வி. ஆராய்ந்த முடிவு: வேண்டாம், இந்தப் பக்கமே போட்டுவைப்போம். அவருக்குத் தண்டனை இல்லை. 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் மந்தத்துக்காக ஓர் அடி அபராதம் வாங்கியவர் சீனத்துச் சிறுவன் குவான் தியான்லாங். வயது 14. விதி என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான். அதைக் கையில் எடுக்கும் துணிவு மட்டும் எதிரில் நிற்பவரின் வயதைப் பார்த்து வருகிறதோ என்று ஆய்வாளர் ஐயுறுகிறார்.

பொறுமை எல்லை கடந்தால் திணைமயக்கம் நேரும். முல்லையில் மருதத்தின் ஊடல் புகும். 2005இல் அமெரிக்காவில் நடந்த பூஸ் ஆலன் கிளாசிக் போட்டியில் ரோரி சப்பாத்தினி, கூட ஆடிய பென் கிரேனின் மந்தம் தாளாமல் பதினேழாவது குழியில் தன் ஆட்டத்தை மட்டும் முடித்துக்கொண்டு, கிரேன் முடிக்கும் முன்பே அடுத்த டீக்கு நடையைக் கட்டினார். மரியாதையின்மையைக் கண்டிக்க அதைவிடப் பெரிய மரியாதையின்மை. ஊடலில் நியாயம் பார்க்கக் கூடாது என்பது மருதத்துக்குப் புதிதல்ல.

இத்தனை நாடகத்திலும் உண்மையில் நட்டப்படுபவர் தோழிதான். உறுப்பினருக்குப் போவது ஒரு மணி நேரமும் இட்லி சூடும். கேடிக்கு வழக்கமாகக் கூலி ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான், மணிக் கணக்கில்லை. காலை ஆட்டம் நேரத்தில் முடிந்தால் மதியத்துக்கு இன்னொரு பையைத் தோளில் ஏற்றலாம். பதினொன்றரைக்கு இழுத்துக்கொண்டு போனால், அந்த இரண்டாவது பை வேறொருவர் தோளில் ஏறிவிட்டிருக்கும். க்ரீன் வாசிப்பவர் குந்தி எழுந்த ஒவ்வொரு முறையும் இவருடைய மதியக் கூலி கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது. இது பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை.

புறனடை

மந்தத்துக்கு மருந்தாக விதிநூலும் வழக்கும் ஒருசேர ஒப்புவது வழிவிடுதல். முன்னால் மைதானம் காலியாகி, பின்னால் வேகமான குழு வந்து நின்றால், ஒதுங்கி நின்று கையசைத்து அனுப்பிவிட வேண்டும். இதைச் செய்வதற்கு மனிதர் ஏன் இவ்வளவு கூசுகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. லாரிக்குப் பின்னால் ‘ஹாரன் அடி’ என்று எழுதி வைத்து வழிகேட்கச் சொல்லும் ஊர்க்காரர்கள்கூட, மட்டையைக் கையில் எடுத்ததும் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. முக்கால் மணி நேரம் முணுமுணுத்த பின்குழுவுக்குக் கடைசியில் கையசைப்பு கிடைக்கிறது. முன்குழு நால்வரும் ஓரமாக மட்டையை ஊன்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இதுவரை யார் பார்வையும் படாமல் சுமாராக அடித்துக்கொண்டிருந்தவர் டீயில் ஏறுகிறார். சீக்கிரம் அடிக்க வேண்டும், நன்றாகவும் அடிக்க வேண்டும், வேகமான ஆள் என்ற பெயரையும் காப்பாற்ற வேண்டும். பந்து விர்ரென்று வலப்பக்கப் புதருக்குள் போகிறது. நன்றிக்கடன் பட்டவர்கள் தேடுகிறார்கள். வழிவிட்டவர்களும் மரியாதைக்கு இறங்கித் தேடுகிறார்கள். எட்டுப் பேரும் மட்டையால் செடியை விலக்குகிறார்கள். அதற்குள் மூன்றாவது குழு டீக்கு வந்து இடுப்பில் கை வைக்கிறது. தேடுவதற்கு விதி தருவது 3 நிமிடம். ஆட்டக்காரரோ அவர் கேடியோ தேடத் தொடங்கியதிலிருந்து அது கணக்கு. தேடல் எப்போது தொடங்கியது என்பதில் எட்டுப் பேருக்கும் எட்டுக் கருத்து. அதைப் பேசித் தீர்க்க இன்னொரு ஆறு நிமிடம்.