எலும்பை எண்ணலாமா?

கே: பக்கத்து வீட்டுக்காரர் “எலும்பை எண்ணிக் கையில கொடுத்துடுவேன்” என்கிறார். மொத்தம் எத்தனை தேறும்?

ப: வளர்ந்தவர் என்றால் 206. பிறந்த குழந்தைக்கு 270க்கு மேல் இருக்கும். வளர வளரப் பல எலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக்கு மூன்றாக இருந்த இடுப்பெலும்பு ஒன்றாகிவிடும். எண்ணுவதற்கு முன் வயதைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கே: கல் மாதிரி இருக்கும் எலும்புக்கு உயிர் உண்டா?

ப: உயிர் இல்லாமலா முறிந்தது ஒட்டுகிறது? கெட்டி எலும்புக்குள் நெடுக நுண்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ரத்தக்குழாயும் நரம்பும் உண்டு. 1691இல் இவற்றைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் பெயரால் ‘ஹேவர்சியன் குழாய்’ என்கிறோம். குழாயைச் சுற்றி வளையம் வளையமாக எலும்பு, வளையங்களின் இடுக்கில் செல்கள்.

கே: கோழி எலும்பை வினிகரில் போட்டால் வளையுமாமே?

ப: வளையும். சில நாள் ஊறினால் கால்சியம் உப்பு கரைந்து, கொலாஜன் என்ற புரதம் மட்டும் மிஞ்சும். மெல்லிய எலும்பென்றால் முடிச்சே போடலாம். அதையே நெருப்பில் நன்றாக எரித்தால் கொலாஜன் போய் உப்பு நிற்கும். விரலால் நசுக்கினாலே நொறுங்கும். விறைப்பைத் தருவது உப்பு, சட்டென்று உடையாமல் காப்பது புரதம்.

கே: மகனுக்கு 22 வயது. விளம்பரத்தில் வரும் பவுடர் குடித்தால் உயர்வானா?

ப: பவுடர் விற்பவர் உயர்வார். நீள எலும்புகளின் முனையருகே உள்ள குருத்தெலும்புத் தகட்டில் செல்கள் பெருகி எலும்பாக மாறுவதால்தான் உயரம் கூடுகிறது. பதின்பருவம் முடிவதற்குள் பெரும்பாலோர்க்குக் கால் எலும்பில் அந்தத் தகடு மூடிவிடும். காறை எலும்பு இருபதுகளிலும் கொஞ்சம் வளரும். ஆனால் அது தோளோடு சரி.

கே: அப்புறம் எலும்புக்கு வேலையே இல்லையா?

ப: நம்மூர் ரோடு மாதிரி, ஒரு பக்கம் தோண்டல், ஒரு பக்கம் போடல். ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழையதை அரிக்கும். ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிதாக நிரப்பும். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்குத் தோண்டல் முந்திக்கொள்ளும். எலும்பு மெலிவது அதனால்தான்.

கே: தினமும் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன். போதாதா?

ப: நல்ல பழக்கம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதைக் குடல் சரியாக உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். வந்த கால்சியம் எலும்பில் தங்க, எலும்புக்குச் சுமை வேண்டும். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கை எலும்பு தடித்திருக்கும். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களோ இடுப்பெலும்பின் அடர்த்தியை மாதத்துக்கு 1 சதவீதம் போல இழக்கிறார்கள். கூழைக் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்காராதீர்கள். எழுந்து நடங்கள்!