ரயிலுக்கு ஆட்சேபணை இல்லை

பெறுநர்: மனைப்பிரிவு வரைபடங்களுக்கு ஒப்புதல் வழங்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்.

அனுப்புநர்: தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி, நல்லம்பள்ளிக்கும் தருமபுரிக்கும் நடுவே முப்பதுக்கு நாற்பது மனை வாங்கி வீடு கட்டியவர்களில் ஒருவன்.

பொருள்: தூக்கத்துக்கு அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் நகரின் வரைபடத்தைப் பார்த்தேன். அப்பழுக்கில்லை. தெரு அகலம் சரி, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் சரி, மழைநீர் போகும் வழியும் சரி. சேலம்–பெங்களூரு ரயில் பாதை பக்கத்தில் போவதால் ரயில்வேயிடம் தடையின்மைச் சான்றும் வாங்கியிருக்கிறார்கள். பாதையின் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் அது கட்டாயமாம். ஆக, எங்கள் வீடுகளால் ரயிலுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. ரயிலை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது. ரயிலால் எங்களுக்கு இடைஞ்சல் உண்டா என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை; இல்லாத கட்டத்தைத் தாங்கள்தான் எப்படி நிரப்புவீர்கள்? சாலைக்காரர், மின்சாரக்காரர், ரயில்காரர் என அவரவர் சொத்தை எங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

சட்டத்தைக் குறை சொல்ல வாய்ப்பே இல்லை. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி, காதலர் தினத்தன்று, பிறந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு. மூன்றாவது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. நகரமைப்புப் பணி செய்யும் எந்த அமைப்பும் ஒலி மாசை வாழ்க்கைத் தரத்தின் அளவுகோலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்த விதி வளர்ந்து ஆளாகிக் கல்யாண வயதும் தாண்டிவிட்டது. எங்கள் மனைப்பிரிவுக் கோப்பில் மட்டும் இன்னும் வாழ்க்கைப்படவில்லை.

2011-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏழு பெருநகரங்களில் இரவு பகலாக ஒலியை அளக்கத் தொடங்கியபோது தமிழ்நாட்டுக்குச் சென்னையை எடுத்துக்கொண்டது. தொப்பூர் கணவாய் ஏறிவந்த லாரி, மேடு முடிந்த சந்தோஷத்தில் பல சுருதி ஏர்ஹாரனை அமுக்குவது கணக்கில் வருமளவுக்கு எங்கள் ஊர் இன்னும் முன்னேறவில்லை. (அந்த ஹாரனும் தடை செய்யப்பட்டதுதான். அதைக் கேட்டு எத்தனையோ பேர் எழுந்து உட்கார்ந்தாகிவிட்டது.)

கருவி இல்லாவிட்டால் என்ன, கணக்கு இருக்கிறதே. ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால் இரைச்சல் 3 டெசிபல்தான் குறையும். சாலையிலிருந்து 20 மீட்டரில் 75 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரவு வரம்பான 45-க்கு இறங்கப் பத்து முறை இரட்டிக்க வேண்டும். 20 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதாவது படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பென்னாகரம் பக்கம் போக வேண்டும். நடுவில் மண்ணும் காற்றும் கொஞ்சம் விழுங்குவதால் அவ்வளவு தூரம் வேண்டியதில்லைதான். ஆனால் 'ஹைவேயிலிருந்து நடந்தே வரலாம்' என்று நோட்டீஸ் அடித்தவர்கள், சத்தமும் நடந்தே வரும் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

சைட் காட்ட ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இலவச வேன் வந்தது. எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பெயின்ட், கம்பத்துக்குக் கம்பம் கலர் கொடி, வந்தவர்களுக்கு மோர். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வேன் விட்டிருந்தால் மோருக்குச் செலவே இருந்திருக்காது.

ஐயா, இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டின் திட்டக் கொள்கைப்படி, சத்தம் போடும் தொழிலுக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்ட வருபவர்தான் சத்தத்தைத் தணிக்க வழி செய்ய வேண்டும். அதுவும் கட்டி முடிப்பதற்கு முன்பே. இத்தகைய அந்நிய வழக்கங்களை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பூங்காவைக் கொஞ்சம் நகர்த்தித் தாருங்கள், போதும். விற்காத மூலையில் முக்கோணமாக முள் முளைத்துக் கிடக்கிறது அது. அதையே நெடுஞ்சாலை ஓரமாக நீளவாக்கில் போட்டு, அந்த வரிசையில் கடைகளையும் வைத்து, இடைவெளி இல்லாமல் ஒரு மண்மேடு எழுப்பினால்? லாரி கண்ணில் படாமல் மறைந்தாலே ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். ஒற்றை வரிசையில் வேப்பங்கன்று நட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். அது கண்ணுக்குத்தான் இதம். படுக்கையறையைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்லவும் காசு செலவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். சித்திரை மாதத்துத் தருமபுரியைத் தாங்கள் அறியாதவர் அல்ல.

சத்தமே ஆகாத ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடந்தால் முதல் வரிசையில் துண்டு விரித்து உட்காருகிறவன் நான். அது வருஷத்தில் ஓர் இரவு, கதையும் புரியும். லாரிக்குக் கதை இல்லை.

அடுத்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவதற்கு முன் ஒரே ஒரு இரவு, ஒலிமானியோடு ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். தாங்களே வருவதானால் எங்கள் வீட்டில் தங்கலாம். வாசலில் ஜீப் ஹாரன் அடிக்க வேண்டாம், கேட்காது. போன் அடித்தாலும் கேட்காது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். எத்தனை மணியானாலும் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் ஒப்புதல் முத்திரை பெற்ற மனையின் உரிமையாளன்