சிரித்த முகமும் ஊசி மருந்தும்

கேள்வி: 'ஸ்பைடர்ஹெட்' படத்தின் முடிவு ரசிகர்களை ஏமாற்றியது ஏன்? கைதிகள்மீது மருந்துச் சோதனை என்பது வெறும் கற்பனையா?

பதில்: 2022 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தப் படத்தில் பலரையும் கட்டிப்போட்டவர் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த். தோர் வேடத்தின் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கைதிகளுக்கு மருந்தேற்றும் விஞ்ஞானியாக மிரட்டினார்.

ரசிகர்களைக் கைவிட்டது கிளைமாக்ஸ்தான். ஜார்ஜ் சாண்டர்ஸ் 2010இல் வெளியிட்ட மூலச் சிறுகதையில், இன்னொருத்தியை வதைக்க மறுத்து, கைதியான நாயகன் தன் உயிரையே விடுகிறான். படத்திலோ அடிதடி, விமான விபத்து, படகில் தப்பித்தல்! கதையின் நெஞ்சையே பிடுங்கிப்போட்டுவிட்டார்கள்.

கற்பனையா? இல்லவே இல்லை. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கைதிகளின் உடம்பில் சோதனை நடத்தினார். களிம்பில் தொடங்கி டையாக்சின் என்ற கொடிய நஞ்சுவரை போனது. பெரும்பாலோர் கறுப்பினத்தவர், பலர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள்.

படத்தில் கைதி வாய்திறந்து சம்மதம் சொன்னால்தான் மருந்து இறங்கும். ஹோம்ஸ்பர்க்கிலும் கையெழுத்து வாங்கினார்கள், சில டாலர்கள் கொடுத்தார்கள். ஜாமீன் கட்டக்கூட வழியில்லாதவனின் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படி ஏற்பது?

இந்தச் சோதனைகளுக்காகப் பிலடெல்பியா நகரம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2022 அக்டோபரில். கிளிக்மன் இறந்து அப்போது 12 ஆண்டுகள் ஓடியிருந்தன.