லாக் புக்கில் அகமும் புறமும்: ஒரு திணை ஆய்வு

தமிழ் ஆய்வுலகம் இன்றுவரை தீண்டாத நூல் ஒன்று, வியாபாரிகளின் கார்களில் இன்ஷூரன்ஸ் நகலுக்கும் பழைய பார்க்கிங் சீட்டுகளுக்கும் இடையே கிடக்கிறது. அல்லது கிடந்திருக்க வேண்டும். லாக் புக் எனப்படும் இந்நூலின் ஆசிரியர் பெரும்பாலும் டிரைவர். வாசகர் ஒரே ஒருவர், வருமான வரி அதிகாரி. அவரும் விரும்பி வாசிப்பவர் அல்லர். ஆயினும் காரின் வாழ்வை அகம், புறம் எனப் பகுத்துக் காட்டும் நூல் இது ஒன்றே. அந்தப் பகுப்பை உரியவர் எழுதாவிட்டால் பிறர் எழுதிவிடுவர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் இலக்கணம். முழுக்க முழுக்கத் தொழிலுக்கென்றே செய்த செலவைத்தான் வருமானத்தில் கழிக்கலாம் என்றது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1)ஆம் பிரிவு. ஒரே காரில் கடைக்கும் கல்யாணத்துக்கும் போகிறவருக்காக 38(2)ஆம் பிரிவு வந்தது: தொழிலுக்குப் பயன்பட்ட நியாயமான பங்குக்கு மட்டுமே சலுகை. ரிப்பேர், இன்ஷூரன்ஸ் மட்டுமல்ல, காருக்குரிய 15 சதவீதத் தேய்மானமும் இந்தக் கத்திக்குத் தப்பாது. நியாயமான பங்கு எவ்வளவு என்று நூற்பா சொல்லவில்லை. ஆகவே, லாக் புக் இல்லாத இடத்தில் உரையாசிரியராக அதிகாரி அமர்கிறார். பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று எனச் சொந்தப் பயன்பாட்டுக்கு வெட்டிவிட்டு உரையை முடிக்கிறார்.

எழுதவேண்டியது என்ன? அலுவலகம் தந்த கார் முழுவதும் அலுவலுக்கே ஓடியது என்று காட்ட, 1962ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி தேதி, சென்ற இடம், கிலோமீட்டர், செலவு ஆகியவற்றைக் கேட்டது. தேதியும் இடமும் பொழுதும் நிலமுமாகிய முதற்பொருள். கிலோமீட்டரும் செலவும் கருப்பொருள். அலுவல் நோக்கம் உரிப்பொருள். வரித்துறை தொல்காப்பியம் கற்றதற்குச் சான்றில்லை. ஆனால் கல்லாமல் இது கைகூடாது. இந்தக் குறிப்பு இல்லாமல் அலுவலுக்கும் சொந்த வேலைக்கும் ஓடிய காருக்கு அவ்விதி அகத்தை எஞ்சினால் அளந்தது: நிறுவனமே செலவு செய்தால், 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 ரூபாய். மனிதனின் சொந்த வாழ்வு எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ப விரியும் என்பது அகப்பொருள் இலக்கணத்துக்குக் கிடைத்த புதுவரவு. மூன்று பொருள்களிலும் உரிப்பொருளே தலையாயது. ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் பவானிக்குப் போனார் என்றால் போதாது. ஜமக்காளத் தறிக்காரரைப் பார்க்கவா, கூடுதுறையில் தர்ப்பணம் கொடுக்கவா என்பதில்தான் திணையே மாறுகிறது. மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அடுத்து மூலபாட ஆய்வு. ஆண்டு முழுவதும் எழுதிய சுவடியும் மார்ச் 31 இரவில் ஒரே மூச்சில் எழுதியதும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடும். பின்னதில் எல்லா வரிகளும் ஒரே மை. தூரங்கள் எல்லாம் பத்தால் வகுபடும். பொங்கலன்றும் கார் சலிக்காமல் வங்கிக்குப் போயிருக்கும். சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டர் லாக் புக்கைவிட முன்னே ஓடிக்கொண்டிருக்கும். இவையனைத்தும் இடைச்செருகலின் அடையாளங்கள். அடித்தலும் திருத்தலும் 37 கிலோமீட்டர் போன்ற ஒழுங்கற்ற எண்களுமே மூலபாடத்தின் அழகு.

இனித் தடைகளும் விடைகளும். பெட்ரோல் பங்க் பில் போதாதா என்பர். பில் எரிபொருள் வாங்கியதற்குச் சான்று, எங்கே எரிந்தது என்பதற்கன்று. அதுவும் வெயில் பட்டால் வெற்றுத்தாளாகும். செல்போன் செயலி வழியைத் தானே பதியுமே என்பர். அது முதற்பொருளைப் பதியும். உரிப்பொருள் அதற்குத் தெரியாது. கம்பெனிக் காருக்கு இந்தத் தொல்லை இல்லையே என்பது வலிய தடை. கம்பெனி உயிரற்றது, அதற்குச் சொந்தப் பயன்பாடு என ஒன்று இருக்கமுடியாது என்று சயாஜி அயர்ன் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உண்மைதான்; கம்பெனிக்கு அகம் இல்லை. ஆனால் காரில் உட்காரும் இயக்குநருக்கு உண்டு. சுமை அவர் சம்பளத்தின்மேல் சலுகை மதிப்பாக இறங்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் விற்றுமுதலின் 8 சதவீதத்தை, டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டிய சிறு வியாபாரிக்கு லாக் புக் எதற்கு என்பது இறுதித் தடை. அவர் நூல் எழுதாமலே வீடுபேறு அடைந்தவர். அவருக்கு இவ்வாய்வு பொருந்தாது.

ஏனையோர்க்கு முடிபு இதுவே: ஒரு நாளைக்கு ஒரு வரி, அதில் தேதி, இடம், தொடக்க எண், முடிவு எண், காரணம். ஐந்தில் ஒரு பங்கை அதிகாரியிடம் இழந்து, மேல்முறையீட்டில் அதை மீட்க ஆடிட்டருக்குக் கட்டணம் கட்டுவதைவிட ஒரு நோட்டும் பேனாவும் மலிவு. இன்று ஓட்டியதை இன்றே எழுதுக.