கண்ணுக்குத் தெரியாத பூச்சு

1987-இல் இங்கிலாந்தில் வெளியான ‘வார்ஹாமர் 40,000’ விளையாட்டில் நாற்பதாயிரமாவது ஆண்டு தாண்டியும் போர் ஓய்வதில்லை. அதில் போரிடும் பிளாஸ்டிக் பொம்மை வீரன் கட்டைவிரல் உயரம்தான். வண்ணம் தீட்டுமுன் அவனுக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசியாக வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

ஸ்பிரே அடிக்கலாம்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் சொரசொரத்துவிடும். இங்கிலாந்திலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே பிரஷ். கெட்டியாகப் பூசினால் வீரனுக்கு மூக்கு போய்விடும். அதிகம் நீர்த்தால் குழிகளில் போய்த் தேங்கும். மெல்லிசாக இரண்டு கோட், நடுவே காயவிட்டு.

கறுப்பா, வெள்ளையா, சாம்பலா என்ற சண்டை தனி. கறுப்பில் ஒரு சௌகரியம்: பிரஷ் எட்டாத இடுக்கெல்லாம் நிழலாகிவிடும். சோம்பலுக்கு இவ்வளவு கௌரவமான பெயர் வேறெங்கும் கிடைக்காது.

இத்தனையும், மேல்வண்ணம் ஏறியதும் மறைந்துபோகும் பூச்சுக்கு. அது காய்வதற்குள் அடுத்த படைப்பிரிவும் வாங்கியாகிறது.